தோன்றல் திரிதல் கெடுதல்

போர்னியோக் காட்டு மண்ணிலிருந்து
என் அப்பா பிறக்கும் முன்பே எடுத்த மருந்து
என் மேசையில் கிடக்கிறது,
பழுப்பேறிய தூளாய், எழுபது மில்லிகிராம்.

இதை நான் கண்டுபிடிக்கவில்லை.
கல்யாண வீட்டில் விசாரிப்பவர்களிடமும்
முதலிலேயே சொல்லிவிடுவேன்.
யாரோ தைத்த சட்டைக்குக்
கையைப் பிரித்து மறுபடி தைப்பவள்,
அவ்வளவுதான்.

சட்டை ஏன் பற்றவில்லை?
மருந்து பிடித்துக்கொள்ளும் இடத்தில்
கிருமி ஒன்றை மாற்றிவிட்டது.
நைட்ரஜன் நின்ற இடத்தில் ஆக்சிஜன்.
ஆயிரம் மடங்கு தளர்ந்துபோனது பிடி.
கரை என்று நம்பிக் கால் வைத்தோம்,
எழுத்து மாறிக் கறை ஆகியிருந்தது.

உயர்நிலை மூன்றில்
தேர்வுக்கு மட்டும் மனப்பாடம் செய்த மூன்று சொற்கள்
பயோபொலிஸ் மின்தூக்கியில் ஒருநாள் திரும்பி வந்தன.
தோன்றல். திரிதல். கெடுதல்.
இரு சொற்கள் சேரும் வாசலில்
ஓர் எழுத்து புதிதாய் வரும்,
ஒன்று வேறாகும்,
ஒன்று விழுந்துவிடும்.
எனக்கு அதில் இருபதுக்குப் பதினொன்று.
கிருமிக்கு முழு மதிப்பெண்.

நாங்கள் தோன்றலில் தொடங்கினோம்.
மருந்தின் முதுகில் ஒரு வால்,
பத்துக் கரிம அணுக்கள், கொழுப்பை விரும்பும் வால்,
கிருமியின் தோலில் குத்தி ஊன்றிக்கொள்ள.
எண் 114.
மறுநாள் காலை ஹஸ்லினா அழைத்தாள்.
வந்து பார் என்றாள், வேறெதுவும் சொல்லவில்லை.
முந்தின வாரமெல்லாம் கஞ்சித் தண்ணீராய்க் கலங்கிய குழிகள்
வரிசையாகத் தெளிந்திருந்தன.
அடியில் வைத்த தாளின் எழுத்தை
வாசிக்க முடிந்தது.

மூன்று நாள் மகிழ்ச்சி.
நான்காம் நாள் ஆட்டு இரத்தத்தில் விட்டோம்.
அரை மணி நேரத்தில்
பால் சேர்க்காத பண்டுங் நிறத்தில்
குழாய் முழுக்கச் சிவப்பு.
கொல்லச் சொன்னதைக் கொன்றது,
சொல்லாததையும் கொன்றது.

உறைபெட்டியில், எண்பது டிகிரிக் குளிரில்,
கிருமி வந்த குழாயின் மேல் எழுதியிருக்கும்:
ஆண், 61, இடது கால்.
பெயர் இருக்கக் கூடாது, அது விதி.
ஆனால் விதி என் கண்களுக்கு இல்லை.
கிம் மோ உணவங்காடியில் மீன் சூப்புக்கு நிற்கும்போது
கால்களைப் பார்க்கப் பழகிவிட்டேன்.
ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு
நான்கு இலக்க எண்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்,
கணுக்கால் வரை வெள்ளைத் துணிக்கட்டு.
அவராக இருக்காது.
குழாயின் தேதி மூன்று வருடப் பழசு.
மூன்று வருடத்தில் அந்தக் காலுக்கு
என்ன ஆகியிருக்கும் என்று
நான் கணக்குப் போடவில்லை.

பிறகு கெடுதல்.
ஊரார் வாயில் அது தீங்கு,
இலக்கணத்தில் விலகிக்கொள்வது.
வாலில் இரண்டு கரிமத்தை விலக்கினேன்.
பலம் பாதியானது, இரத்தம் பிழைத்தது.
நடுவில் ஒரு திரிதல்,
பக்கத்துச் சர்க்கரைக்குப் பதில் வேறொன்று.
எண் 131.
இரத்தமும் கலங்கவில்லை, குழியும் கலங்கவில்லை.
ஹஸ்லினா கையுறையோடு கைதட்டினாள்,
ரப்பர் சத்தம்.

ஆனாலும் கிருமிக்கு ஒரு வாய்ப்புத் தர வேண்டும்,
அதுவும் எங்கள் வேலை.
சாகாத அளவு மருந்தில்
தினமும் ஒரு துளி புது வீட்டுக்கு மாற்றினோம்.
பத்து நாள், பதினைந்து நாள், ஒன்றுமில்லை.
இருபத்தோராம் நாள்
ஓரக் குழியில் லேசாக ஒரு மங்கல்.
மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு
மறுபடி பார்த்தேன்.
மங்கல் கண்ணாடியில் இல்லை.

132 என்று எழுதி அடிக்கோடு போட்டேன்.
வரவா, மாறவா, விழவா,
அதை நாளை யோசிக்கலாம்.

புவன விஸ்தாவில் கடைசி ரயில்.
உட்கார இடம் இருந்தது.
எதிர் வரிசையில் ஏழு பேர்.
எல்லாரும் காலணி அணிந்திருந்தார்கள்.
ஒன்றும் தெரியவில்லை.